அச்சாணியைத் தேடி: பழைய டிராக்டர்களின் சிறு உறுப்புகள் சொல்லும் வரலாறு

பெருந்தேர் ஓடுவதற்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்பதைக் குறள் பயின்ற தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் அச்சாணியை உவமையாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தேர் எனத் தக்க டிராக்டருக்கு அது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. டிராக்டரின் பின்புறத்தில் கலப்பை கழன்று விழாமல் பிணைத்து நிறுத்துவது விரல் நீளமுள்ள ஓர் ஆணியே ஆகும். ஆங்கிலேயரும் அதனை அச்சாணி என்னும் பொருளுடைய சொல்லாலேயே அழைக்கின்றனர்.

எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட டிராக்டர் ஒன்று இங்கிலாந்தின் பண்ணை மூலையில் மழையிலும் பனியிலும் கிடந்து, பழம்பொறி ஆர்வலர் ஒருவரால் மீட்கப்படுகிறது எனக் கொள்வோம். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலும், கியர் பெட்டியும், பின் அச்சும் பெரும்பாலும் உருக்கெடாமல் இருக்கும். கெட்டும் தொலைந்தும் போயிருப்பவை சிறியவை: கார்புரேட்டரின் மிதவை, மின்பொறி பகிர்வியின் மூடி, எரிபொருள் குழாயின் பித்தளை இணைப்பு, ஒரு ஸ்பிரிங், எண்ணெய் கசியாமல் காக்கும் வளையம். ஒரு டன் இரும்பு இருந்தும் சில கிராம் பித்தளை இல்லாமையால் அப்பொறி ஓடாது நிற்கும்.

இவ்வாறு தொலைந்த உறுப்புகளுள் சில எளிதிற் கிடைக்கின்றன. சில எங்குத் தேடினும் கிடைப்பதில்லை. இவ்வேறுபாடு தற்செயலாக விளைந்ததன்று. அதற்குப் பின்னே தொழில்துறையின் வரலாறு ஒன்று மறைந்து நிற்கிறது. அதனை ஃபெர்குசன் டிராக்டரைச் சான்றாகக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாம்பல்நிற டிராக்டர்

வட அயர்லாந்தின் டௌன் கோட்டத்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் ஹாரி ஃபெர்குசன். அவருக்கு முந்தைய டிராக்டர்கள், மாடு ஏரை இழுப்பது போலவே கலப்பையை இழுத்துச் சென்றன. கலப்பை மண்ணுள் புதைந்த கல்லில் மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து, ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும் இடர் இருந்தது. ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழிகண்டார். கலப்பையும் டிராக்டரும் இவ்வாறு ஒரே பொறியாயின.

1938ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்து ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கி ஓர் உடன்பாடு கண்டனர். அதன் விளைவாக 1939-இல் அமெரிக்காவில் 9-என் என்னும் டிராக்டர் வெளிவந்தது. பின்னர் 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், பேனர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஃபெர்குசனுக்காக டி.ஈ.-20 என்னும் டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. அத்தொழிற்சாலை போர்க்காலத்தில் விமான எஞ்சின்கள் செய்த இடமாகும். 1956 வரை அங்கு 5,17,000-க்கும் மேற்பட்ட டிராக்டர்கள் உருவாயின. அவற்றின் சாம்பல் நிறமே அவற்றின் செல்லப்பெயராகவும் ஆயிற்று. எட்மண்ட் ஹிலாரி 1958 சனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது இவ்வகை டிராக்டர்களைக் கொண்டேயாகும். சக்கரங்களின் மேல் சங்கிலிப் பட்டை பூட்டியும், பனிக்காற்றைத் தடுக்கக் கித்தான் கூண்டு அமைத்தும் அவர்தம் குழுவினர் அவற்றைப் பனிவெளிக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர்.

வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே காணப்படும் இவ்வைந்து இலட்சம் டிராக்டர்களும் உள்ளே ஒன்றல்ல. தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் எஞ்சின் ஆயத்தமாகாமையால், அமெரிக்காவின் கான்டினென்டல் எஞ்சின் தருவித்துப் பொருத்தப்பட்டது. பின்னர் ஸ்டாண்டர்டு எஞ்சின் வந்தது. அதன் உருளையின் விட்டமும் இடையில் 80 மில்லிமீட்டரிலிருந்து 85 மில்லிமீட்டராக மாற்றப்பட்டது. பெட்ரோலில் ஓடுவன, மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவன, 1951 முதல் டீசலில் ஓடுவன எனப் பிரிவுகள் பெருகின. மின்னோட்டமும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது. எனவே 'ஃபெர்குசனுக்கு ஒரு கேஸ்கட்' என்று கேட்பவருக்கு விடை கிடைக்காது. வரிசை எண்ணைப் பார்த்து, எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று துணிந்த பின்னரே தேடலைத் தொடங்க இயலும். ஏட்டுச்சுவடியின் காலத்தை அறியாமல் அதன் பாடத்தைத் துணிய இயலாமை போன்றதே இதுவும்.

மரையின் வரலாறு

சிறு உறுப்புகளின் வரலாற்றில் முதலிடம் பெறுவது திருகின் மரையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு வேறொரு பட்டறையின் நட்டு பொருந்தாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி, அவற்றின் அளவுகளுக்கு ஒரு சராசரி கண்டு, 55 பாகைக் கோணமுடைய பொது மரையை 1841-இல் முன்மொழிந்தார். அது பிரிட்டனின் மரையாயிற்று. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகைக் கோணத்தைப் பரிந்துரைத்தார். வெட்டுவதற்கு அது எளிதென்பது அவர் கருத்து. அது அமெரிக்காவின் மரையாயிற்று. மின்கருவிகளின் நுண்திருகுகளுக்கெனப் பிரிட்டனில் 47.5 பாகைக் கோணமுடைய மற்றொரு மரையும் வழக்கில் இருந்தது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த் மரை அங்குலத்திற்கு 12 சுற்றுகளும், அமெரிக்க மரை 13 சுற்றுகளும் உடையன. ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் ஓரிரு சுற்றுகள் எளிதாக ஏறிப் பின் இறுகி நின்றுவிடும். வலிந்து திருகினால் மரை அழியும். கால் அங்குல அளவிலோ இருவகையும் 20 சுற்றுகளே உடையன. கோணம் மட்டுமே வேறு. அதனால் நட்டு முழுவதும் ஏறிவிடும். எனினும் மரையின் பக்கங்கள் முற்றும் படியாமையால் அதிர்வில் தளரக்கூடும். பொருந்தாதது பொருந்தாதென்று தெரிந்துவிடுகிறது. பொருந்துவது போல் தோன்றுவதே ஏமாற்றுகிறது.

ஸ்பேனரிலும் இக்குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண், போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பேனரின் எண், ஸ்பேனர் பற்றும் தலையின் அகலத்தைக் குறிக்கும். ஒரே எண் பொறித்த இரு ஸ்பேனர்கள் ஒரே போல்ட்டைப் பற்றா.

இரண்டாம் உலகப்போரில் இவ்வேற்றுமை உயிர்ப்பிரச்சினையாயிற்று. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் தயாரிக்க முற்பட்ட பேக்கார்டு நிறுவனம், பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளையே முதலில் செய்துகொள்ள நேர்ந்தது. இப்பட்டறிவின் விளைவாக 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகை அடிப்படையில் ஒருங்கிணைந்த மரையை ஏற்றன. 1965 முதல் பிரிட்டன் மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது. டி.ஈ.-20 உருவான பத்தாண்டுகள் இம்மாற்றத்தின் நடுவே அமைந்தவை. அமெரிக்க மரபிற் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த பொறியாதலின், ஒரே டிராக்டரில் இரு நாட்டு மரைகளையும் காணலாம். துருப்பிடித்த ஒரு திருகைக் கழற்றுபவர் அறியாமலே இந்நூறாண்டு வரலாற்றையும் சேர்த்துக் கழற்றுகின்றார்.

பொது அளவும் தனி அளவும்

மரையின் வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. பொது அளவில் செய்யப்பட்ட உறுப்பு, அதனைச் செய்த நிறுவனம் மறைந்த பின்னும் பிழைத்திருக்கிறது. தனி அளவில் செய்யப்பட்ட உறுப்போ அந்நிறுவனத்தோடு மறைகிறது.

பேரிங் இதற்குத் தக்க சான்றாகும். அதன் வளையத்தின் மேல் பொறித்த எண் ஒன்றே போதும். டிராக்டரின் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை. எண் தேய்ந்து போயிருப்பினும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்னும் மூன்று அளவுகளைக் கொண்டு அதற்கு நிகரானதைப் பெற்றுவிடலாம். எண்ணெய்த் தடுப்பு வளையமும் அத்தகையதே. பழைய பொறிகளில் அது தோலாலோ கம்பளி நமுதாலோ ஆனது. அதே மூன்று அளவுகளில் இக்காலச் செயற்கை ரப்பர் வளையம் கிடைக்கிறது.

எஞ்சினும் ஒரு வகையில் பொதுச் சொத்தாயிற்று. ஸ்டாண்டர்டு நிறுவனம் இவ்வெஞ்சின் குடும்பத்தைத் தன் வேன்கார்டு காரிலும் பயன்படுத்தியது; டிரையம்ஃப் டி.ஆர்.-2 பந்தயக் காரிலும் அதன் திருந்திய வடிவமே இடம்பெற்றது. உருளைகளின் அடியில் நீர் கசியாமல் காக்கும், எட்டு என்னும் எண்ணின் வடிவிலான கேஸ்கட்டை உழவரும் தேடினர். விரைவுக் கார் ஆர்வலரும் தேடினர். தேடுவோர் பலராயின் செய்வோரும் இருப்பர். இவ்வாறு ஏழை உழவுப்பொறி, செல்வர் ஊர்தியின் துணையால் வாழ்வு பெற்றது.

இதற்கு மாறாக, அந்த டிராக்டருக்கே உரிய உறுப்புகளை எண்ணிப் பார்க்கலாம். டி.ஈ.-20-இன் எஞ்சினைக் கிளப்பத் தனிப் பொத்தான் இல்லை. கியர் தண்டையே 'எஸ்' என்னும் நிலைக்குத் தள்ள வேண்டும். வண்டி கியரில் இருக்கும்போது தவறிக் கிளம்பிவிடாதிருக்கச் செய்த அரிய ஏற்பாடு அது. ஆயின் அவ்விணைப்பில் உள்ள சிறு பாகம் தேய்ந்தால் அதற்கு நிகரானதை வேறு எவ்வண்டியிலும் காண இயலாது. அறிவுக் கூர்மையால் பிறந்த தனித்தன்மையே பிற்காலத்தில் பற்றாக்குறைக்கும் காரணமாவது எண்ணத்தக்கது.

போரும் வழக்கும் வகுத்த உறுப்புகள்

கிடைக்காத உறுப்பிற்கு மாற்றுக் காண்பது பிற்கால ஆர்வலர் கண்ட புதுவழியன்று. செய்தவர்களே அதனைச் செய்திருக்கின்றனர். 1939-இல் 9-என் டிராக்டரின் எஞ்சின் மூடிக்கான எஃகுத் தகட்டு அச்சுகள் ஆயத்தமாகாமையால், முதலில் வந்த சில நூறு டிராக்டர்களுக்கு அலுமினிய வார்ப்பு மூடிகள் பொருத்தப்பட்டன. அன்று நேர நெருக்கடியால் செய்த அம்மாற்று மூடியே இன்று ஆர்வலர் பெரிதும் தேடும் அரும்பொருளாக விளங்குகிறது. 1942-இல் வந்த 2-என் டிராக்டரில் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் மின்கலம் நீக்கப்பட்டு மேக்னட்டோ பொருத்தப்பட்டது. ரப்பர் தட்டுப்பாட்டால் இரும்புச் சக்கரங்கள் பூட்டப்பட்டன.

மேக்னட்டோவிற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னட்டோ உருவாயிற்று. பிரிட்டன் அதனை ஏறத்தாழ முழுவதும் ஜெர்மனியிடமிருந்தே வாங்கிவந்தது. 1914-இல் போர் மூண்டதும் அவ்வரவு நின்றது. கைக்கடங்கும் ஒரு கருவிக்காகப் பேரரசு ஒன்று தவிக்க நேர்ந்த பின்னரே, அதனை உள்நாட்டில் செய்யும் முயற்சி விரைவு பெற்றது.

வழக்கு மன்றமும் உறுப்பின் வடிவை மாற்றியதுண்டு. 1947-இல் ஃபோர்டு நிறுவனமும் ஃபெர்குசனும் பிரிந்தனர். ஃபோர்டு நிறுவனம் அதே எண்ணெய் அழுத்த முறையை 8-என் டிராக்டரில் தொடரவே, ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92.5 இலட்சம் டாலருக்கு அது உடன்பாட்டில் முடிந்தது. பம்பின் அமைப்பை மாற்றிக்கொள்ளவும் ஃபோர்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1953-இன் ஃபோர்டு டிராக்டர் புதிய பம்புடன் வந்ததற்கு இவ்வழக்கே காரணமாகும். இரண்டு டிராக்டர்களின் பம்புகள் ஏன் பொருந்தவில்லை என்று வியப்பவருக்கு விடை உறுப்புப் பட்டியலில் இல்லை. வழக்கின் வரலாற்றில் இருக்கிறது.

கைவினையின் வழிகள்

எங்கும் கிடைக்காத உறுப்பைச் செய்துகொள்வதே எஞ்சிய வழி. இவ்வழிகளுள் பல பழைய பட்டறைகளின் மரபறிவைச் சார்ந்தவை. கேஸ்கட் தாளை வார்ப்பின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பு நெடுகத் தட்டிவந்தால் அவ்விளிம்பே தாளை வெட்டிவிடும். அளவெடுக்க வேண்டிய தேவை இல்லை. பயன்படுத்தியதால் இறுகிப்போன செம்பு வளையத்தைச் செந்நிறமாகும் வரை காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது மீண்டும் மென்மையடையும். எஃகு இச்செயலால் கடினமாகும், செம்போ இளகும். இம்முரண்பாட்டை அறிந்தவர் புதிய வளையத்தைத் தேடி அலைவதில்லை.

உடைந்த வார்ப்பிரும்பு நெம்புகோலை ஒட்டவைத்து, அதையே அச்சுருவாகக் கொண்டு மணலில் வார்க்கலாம் என்று புதியவர் எண்ணுவர். அவ்வாறு வார்த்தது மூலத்தினும் சிறிதாகவே அமையும். குளிரும்போது வார்ப்பிரும்பு அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்குவதே காரணம். எனவே அச்சுருச் செய்வோர், அச்சுருக்கத்தைக் கணக்கிட்டு நீட்டிப் பொறிக்கப்பட்ட தனி அளவுகோலை வைத்திருப்பர். கடைசல் செய்ய வேண்டிய பரப்புகளுக்கு மேலும் சற்றுக் கனம் சேர்ப்பர். இப்போது கணினி வழியே அச்சுருவை அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஆயினும் சுருக்கத்தின் கணக்கு மாறவில்லை. கணினிக்கும் அதனைச் சொல்லியாக வேண்டும்.

பழைய கார்புரேட்டர் பலவற்றில் மிதவை தக்கையால் ஆனது. எரிபொருளில் ஊறாதிருக்க அதன் மேல் அரக்குக் கரைசல் பூசப்பட்டது. மேக்னட்டோவின் கம்பிச் சுருள்களுக்கும் அதுவே காப்புப் பூச்சு. அவ்வரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சிகளிடமிருந்து திரட்டப்பட்டு மேலைநாடுகளுக்குச் சென்றதாகும். அரக்கு சாராயத்தில் கரையும் தன்மையது. 2021-இல் பிரிட்டனில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பொது வழக்கிற்கு வந்தபோது, பல்லாண்டுகள் தாங்கிய அரக்குப் பூச்சுகளுக்குப் புதிய பகை தோன்றியது. பித்தளைத் தகட்டைப் பற்றவைத்து மிதவை செய்வதும், எத்தனாலைத் தாங்கும் செயற்கைப் பூச்சினை இடுவதும் அதற்குக் கண்ட மாற்று வழிகள்.

மாற்றுக் கட்டாயமாகும் இடங்களும் உண்டு. பழைய கேஸ்கட்டுகளில் செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைக்கப்பட்டது. நுரையீரலைக் கெடுக்கும் அப்பொருளைப் பிரிட்டன் 1999-இல் முற்றிலும் தடை செய்தது. இங்கு அசலைத் தேடிப் பொருத்துவது பாதுகாப்பன்று. அசலைக் கைவிடுவதே அறிவுடைமையாகும்.

சென்னையின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஃபெர்குசன் நிறுவனம் 1953-இல் மாசி-ஹாரிசுடன் இணைந்தது. 1958 முதல் அதன் பெயர் மாசி-ஃபெர்குசன் ஆயிற்று. டி.ஈ.-20-க்குப் பின் 1956-இல் வந்த 35 வகை டிராக்டர் அதன் நேர்வழித் தோன்றலாகும். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி-ஃபெர்குசனின் கூட்டுறவோடு அவ்வகை டிராக்டரைத் தயாரித்தது. பிரிட்டனில் 1964-இல் 35-இன் இடத்தை 135 பிடித்துக்கொண்டது. இந்தியாவிலோ அதன் வழிவந்த வடிவங்கள் மேலும் பல்லாண்டுகள் தொடர்ந்து உருவாயின. பேனர் லேனில் 2002-இல் டிராக்டர் உற்பத்தியே நின்றுபோயிற்று.

பிறந்த மண்ணில் வழக்கொழிந்த வடிவம் சென்ற மண்ணில் வாழ்ந்தது. அதனால் இந்தியப் பட்டறைகளில் வார்க்கப்பட்ட உதிரி உறுப்புகள் பிரிட்டனின் பழம்பொறி ஆர்வலர் கைக்கும் சென்று சேர்கின்றன. அங்கே நினைவுப்பொருளாகப் போற்றப்படும் ஒரு வடிவம், இங்கே நாற்று நடவுக்கு வயலை ஆயத்தப்படுத்தும் அன்றாடக் கருவியாகத் தொடர்ந்தமையே இதற்குக் காரணம். ஒரு பொறியைக் காப்பதற்கு அருங்காட்சியகத்தைக் காட்டிலும் அதனைப் பயன்படுத்தும் உழவர் கூட்டமே வலிமை வாய்ந்தது என்பது இதனால் விளங்கும்.

எது அசல்?

மிதவை மாறிற்று, வளையம் மாறிற்று, நெம்புகோல் புதிதாக வார்க்கப்பட்டது, கேஸ்கட் வேறு பொருளால் ஆனது. இவ்வளவிற்குப் பின்னும் அது 1948-இன் டிராக்டர்தானா என்னும் வினா எழுவது இயல்பே. ஆர்வலரிடையே இதில் இரு கருத்துகள் நிலவுகின்றன. ஓடும் நிலைக்குக் கொணர்வதே பொறிக்குச் செய்யும் மரியாதை என்பர் ஒரு சாரார். ஓடாவிடினும் செய்த கையின் தடம் அழியாதிருப்பதே மேல் என்பர் மற்றொரு சாரார்.

தமிழ்ப் பதிப்பு வரலாறு அறிந்தோர்க்கு இவ்வினா புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1904-இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது, கிடைக்காத முதற்பத்தையும் பத்தாம்பத்தையும் தாமே இயற்றிச் சேர்க்கவில்லை. எட்டுப் பத்துகளையே அச்சிட்டார். சிதைந்த எழுத்துகள் நின்ற இடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவது அப்பதிப்பு மரபின் நேர்மையாகும். இல்லாததை இல்லையென்று காட்டியதாலேயே இருப்பதன் மேல் படிப்போர்க்கு நம்பிக்கை பிறந்தது.

பொறி, நூலினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. புள்ளியிட்ட இடத்தோடு நூலைப் படிக்கலாம். மிதவையற்ற கார்புரேட்டரோடு டிராக்டரை ஓட்ட இயலாது. எனவே இட்டு நிரப்புவது இங்குக் குற்றமன்று. இட்டு நிரப்பியதை மறைப்பதே குற்றமாகும். புதிதாகச் செய்த உறுப்பின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்து வைப்பதும், எது பழையது, எது புதியது என்று ஏடொன்றில் எழுதி வைப்பதும், கழற்றிய பழைய உறுப்பை எறியாமல் பெட்டியிற் காப்பதும் இந்நேர்மையின் பாற்பட்டவை. புதிய உறுப்பில் பழைய முத்திரையைப் பொறித்து அசலென விற்பவர் ஒரு பொருளை மட்டும் பொய்யாக்குவதில்லை. பின்வரும் ஆய்வாளருக்கு அப்பொறி முழுவதையுமே ஐயத்திற்கு உரியதாக்கிவிடுகின்றார்.

முடிவுரை

ஃபெர்குசன் தம் டிராக்டருடன் இருமுனை ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்தார். டிராக்டரிலும் கலப்பையிலும் உழவர் அன்றாடம் திருத்த வேண்டிய நட்டுகள் பெரும்பாலும் அவ்விரு முனைகளுக்குள் அடங்குமாறு அவர் அமைத்திருந்தார். அதன் உடலில் அங்குலக் குறிகளும் இருந்தமையால், உழவுச்சாலை அளக்கவும் அதுவே உதவிற்று. பொறியை வாங்கியவர் அதனைத் தம் கையாலேயே திருத்திக்கொள்ள இயல வேண்டும் என்னும் எண்ணத்தை அச்சிறு கருவி உணர்த்துகிறது.

அவ்வெண்ணமே அவர் டிராக்டரை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கிறது எனலாம். பொது மரையும், பொது எண்ணும், எவரும் கற்கத்தக்க கைவினையும் எங்கு அமைந்தனவோ அங்குப் பொறி தன்னைச் செய்தவரைக் கடந்தும் வாழ்ந்தது. செய்தவரன்றிப் பிறர் திறக்கலாகாது என்று மூடப்பட்ட பொறி, செய்தவர் கைவிட்ட அன்றே பழைய இரும்பாகிவிடும். புதிய பொறிகளை ஆக்குவோரும் வாங்குவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. தேரை வடித்தவர் பெயரை வரலாறு எழுதிவைக்கிறது. அச்சாணி முறிந்த நாளில் வேறோர் அச்சாணியை அடித்துக் கொடுத்தவர் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. தேர் இன்னும் ஓடுகிறதென்றால் அது அவராலேயே ஆகும்.